அஞ்சல் பணி ஒதுக்கியிருக்கிறார்கள், போய்ச் சேரலாமா?

கேள்வி இதுதான்: குடிமைப் பணித் தேர்வில் தரவரிசை கொஞ்சம் இறங்கிப்போய், இந்திய அஞ்சல் பணி கிடைத்திருக்கிறது. "தபால் ஆபீஸ் வேலைக்கா இத்தனை வருஷம் படிச்ச?" என்று வீட்டில் கேட்கிறார்கள். உள்ளே என்ன வேலை, எதுவரை போகலாம், கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த நாற்காலி எட்டுமா?

சேரலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள். இந்தப் பணியில் கனமான நாற்காலி டெல்லியிலோ சென்னை அண்ணா சாலையிலோ இல்லை. வேலைக்கு வந்த இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கொடுத்துவிடுகிற கோட்டக் கண்காணிப்பாளர் நாற்காலிதான் அது. அங்கே கற்றதை வைத்துத்தான் மீதி முப்பது ஆண்டுகளும் ஓடும்.

முதலில் ஏணி. நுழைவு நிலை ஊதியம் லெவல் 10, அடிப்படை 56,100 ரூபாய். நான்கு ஆண்டில் லெவல் 11 (67,700), ஒன்பது ஆண்டு முடிந்தால் லெவல் 12 (78,800), பதினான்காம் ஆண்டை ஒட்டி லெவல் 13. பி.எம்.ஜி. எனப்படும் அஞ்சல்துறைத் தலைவர் பதவி லெவல் 14, அடிப்படை 1,44,200. ஏட்டில் 17 ஆண்டு சேவைக்குப் பிறகு தகுதி வரும். நடைமுறையில் காலியிடத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அதற்கு மேல் பெரிய வட்டங்களின் சி.பி.எம்.ஜி. (தலைமை அஞ்சல்துறைத் தலைவர்), அஞ்சல் பணிகள் வாரிய உறுப்பினர்கள், டைரக்டர் ஜெனரல். உச்சியில் செயலர், வாரியத்தின் தலைவரும் அவரே. ஓய்வு 60 வயதில்.

நாட்டில் 23 அஞ்சல் வட்டங்கள் உள்ளன. ராணுவ அஞ்சலுக்குத் தனி. தமிழ்நாடு வட்டத்தில் புதுச்சேரியும் சேர்ந்தது. சென்னை மாநகரம், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மண்டலம், மதுரையில் தென்மண்டலம், கோவையில் மேற்கு மண்டலம் என நான்கு மண்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.எம்.ஜி. மண்டலத்துக்குக் கீழே கோட்டங்கள், கோட்டத்துக்குக் கீழே உட்கோட்டங்கள். பெரிய கோட்டத்தை எஸ்.எஸ்.பி. எனப்படும் முதுநிலைக் கண்காணிப்பாளரும், மற்றவற்றைக் கீழிருந்து பதவி உயர்வில் வந்த குரூப் பி கண்காணிப்பாளர்களும் பார்ப்பார்கள். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போல இங்கே மாநில ஒதுக்கீடு கிடையாது. முதல் கோட்டம் பீகாரிலோ ஒடிசாவிலோ அமையலாம், நீங்கள் கேட்ட வட்டம் கடைசிவரை கிடைக்காமலும் போகலாம். வீட்டில் இதைச் சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்லது.

தகுதிகாண் பருவம் இரண்டு ஆண்டு. மற்ற பணியினரோடு சேர்ந்து அடிப்படைப் பயிற்சி, பிறகு காசியாபாத்தில் உள்ள ரஃபி அகமது கித்வாய் தேசிய அஞ்சல் அகாதமி, இடையிடையே களப் பயிற்சி. வகுப்பறைப் பாடம் பிறகு மறந்தாலும் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொள்ளலாம். களப் பயிற்சியைத்தான் பலர் வீணடிக்கிறார்கள். ஒரு துணை அஞ்சலகத்தில் காலை தபால் பை பிரிப்பதிலிருந்து மாலை கணக்கு முடிப்பதுவரை ஒரு வாரம் கூடவே இருங்கள். ரொக்கத்தை உங்கள் கையால் எண்ணுங்கள். ஒரு போஸ்ட்மேனோடு அவருடைய பீட், அதாவது அவர் தபால் கொடுக்கிற பகுதி முழுக்க நடங்கள். நாலு மாடி ஏறி, வீடு பூட்டியிருந்து, அறிவிப்புச் சீட்டை வைத்துவிட்டு இறங்குவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று தெரியாத அதிகாரிதான், பின்னாளில் "ஒரு பீட்டுக்கு இத்தனை தபால் ஏன் கொடுக்க முடியாது?" என்று மெமோ எழுதுவார்.

இனி கோட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு கிராமப்புறக் கோட்டம் என்றால் ஓரிரு தலைமை அஞ்சலகம், ஐம்பது அறுபது துணை அஞ்சலகம், அவற்றைச் சுற்றி இருநூறு கிளை அஞ்சலகம் என்ற அளவில் இருக்கும். ஆயிரத்தை ஒட்டி ஆட்கள். அதில் பாதிக்கு மேல் ஜி.டி.எஸ்., அதாவது நாளுக்கு நாலைந்து மணி நேரம் வேலை பார்க்கிற கிராமிய அஞ்சல் ஊழியர்கள். கிளை அஞ்சலகத்தின் வரவு செலவு துணை அஞ்சலகத்தில் சேரும், துணை அஞ்சலகத்தினுடையது தலைமை அஞ்சலகத்தில் சேரும், தலைமை அஞ்சலகம் அதைச் சென்னையில் உள்ள அஞ்சல் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ராத்திரி நேரம் பணம் தூங்குகிறது. கண்காணிப்பாளரின் தலைவலி அங்கேதான்.

ஒவ்வொரு அஞ்சலகத்துக்கும் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய ரொக்கத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அன்றைக்கே ஈ.சி.பி. மெமோ அனுப்ப வேண்டும்: இவ்வளவு கூடுதல் ரொக்கம் இருக்கிறது, காரணம் நாளைக்கு இன்னின்ன பட்டுவாடா. பெரும்பாலான கோட்ட அலுவலகங்களில் இந்த மெமோக்கள் வந்து கோப்பில் சேரும், யாரும் படிப்பதில்லை. ஒரு மாதத்து மெமோக்களை வரிசையாக மேசையில் பரப்பிப் பாருங்கள். ஒரே அலுவலகம், ஒரே காரணம், ஆனால் மறுநாள் கணக்கில் அந்தப் பட்டுவாடாவே இல்லை என்றால், அந்த ரொக்கம் பெட்டியில் இல்லை என்று அர்த்தம். அதேபோல, தலைமை அஞ்சலகத்துக்கு அனுப்பியதாக எழுதிய பணம் மறுநாள் அங்கே வரவாகிறதா என்பதையும் ஒட்டிப் பார்க்க வேண்டும். பெரிய கையாடல்கள் பலவும், இந்த ஒட்டிப் பார்க்கும் வேலையைச் செய்ய வேண்டியவர் செய்யாமல் விட்டதால் வளர்ந்தவைதான்.

கிளை அஞ்சலக ஆய்வு தனிக் கலை. அலுவலகம் திறக்கும் நேரத்துக்குச் சொல்லாமல் போய் நிற்க வேண்டும். உட்கார்ந்தவுடன் முதல் வேலை ரொக்கத்தையும் தபால்தலைகளையும் எண்ணுவது. காபி, பதிவேடு, நலம் விசாரிப்பு எல்லாம் அப்புறம். எண்ணுவதற்குமுன் பதிவேட்டைக் கேட்டால், "பக்கத்துக் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன், எடுத்து வருகிறேன்" என்பதற்கு நேரம் கிடைத்துவிடும். எண்ணிய தொகை கணக்கோடு சரியாக இருந்தால் மட்டும் நிம்மதி வந்துவிடக் கூடாது. கிராமத்து மோசடி பெட்டிக்கு வெளியே நடக்கும். ஒரு பாட்டி மாதாமாதம் ஆர்.டி.க்குப் பணம் கொடுப்பார். பி.பி.எம். எனப்படும் கிளை போஸ்ட்மாஸ்டர் பாஸ்புக்கில் பேனாவால் எழுதி, முத்திரை குத்தித் தருவார். கைக்கருவியில் அந்தத் தொகை ஏறியிருக்காது. கேட்டால், "அன்னிக்கு நெட்வொர்க் இல்ல." பெட்டி சரியாகத்தான் இருக்கும், கணக்கிலேயே வராத பணம் பெட்டியில் குறையாது.

ஆகவே பாஸ்புக் சேகரிப்பதுதான் உண்மையான ஆய்வு. வழியில் கண்ணில் பட்டவர்களிடம் வாங்காதீர்கள். முந்தின நாளே கணினியிலிருந்து பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள்: திடீரென்று தவணை நின்றுபோன ஆர்.டி., பெரிய இருப்புள்ள கணக்கு, செல்போன் எண் சேர்க்காத கணக்கு, ஒரே செல்போன் எண் பல பேர் கணக்கில் இருப்பது. கடைசியாகச் சொன்னது மிகக் கெட்ட சகுனம், குறுஞ்செய்தி எல்லாம் ஒரே கைக்குப் போகிறது என்று பொருள். இந்தப் பெயர்களைத் தேடி வீடு வீடாகப் போக வேண்டும். பாஸ்புக்கில் இருக்கிற கடைசி இருப்பையும் கணினி இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்தது.

துணை அஞ்சலகத்தில் வேறு மாதிரி. ஃபினாக்கிள் மென்பொருளில் ஒருவர் பதிந்தால் இன்னொருவர் சரிபார்த்து ஒப்ப வேண்டும். இரண்டே பேர் இருக்கும் அலுவலகத்தில், போஸ்ட்மாஸ்டரின் கடவுச்சொல் கவுண்டர்க்காரருக்கும் தெரியும். சோம்பலில் தொடங்குவது அது. பிறகு வருஷக்கணக்காக யாரும் தொடாத சைலன்ட் கணக்கு உயிர்பெறும், பணம் எடுபடும். இரண்டு ஐ.டி.யும் ஒரே கணினியிலிருந்து, சில விநாடி இடைவெளியில், போஸ்ட்மாஸ்டர் விடுப்பில் இருந்த நாளில் இயங்கியிருந்தால் அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. விடுப்புப் பதிவேட்டையும் லாகின் விவரத்தையும் ஒன்றாகப் பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மோசடி வெளிவந்த அன்றிலிருந்து கண்காணிப்பாளர் பாதி வக்கீல். நிரந்தர ஊழியர்களுக்கு 1965-ஆம் ஆண்டின் சி.சி.எஸ். ஒழுங்கு விதிகள். துறையில் எல்லோர் வாயிலும் புரள்வது ரூல் 14, ரூல் 16. பெரிய தண்டனைக்கு 14: குற்றச்சாட்டு மெமோ, விசாரணை அதிகாரி, சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. சிறிய தண்டனைக்கு 16. ஜி.டி.எஸ். ஊழியர்களுக்குத் தனி விதிகள், அவர்களை இடைநீக்கம் செய்வதை "புட் ஆஃப் டூட்டி" என்பார்கள். போஸ்ட்மேன், அஞ்சல் உதவியாளர் ஆகியோரின் நியமன அதிகாரி கோட்டக் கண்காணிப்பாளரே. இருபத்தெட்டு வயதில் ஒருவரை வேலையைவிட்டு நீக்குகிற உத்தரவில் உங்கள் கையெழுத்து இருக்கும். மேல்முறையீடு 45 நாளுக்குள் மண்டலத்தில் உள்ள டி.பி.எஸ்.ஸிடம் (அஞ்சல் பணிகள் இயக்குநர்). அதற்குப் பிறகும் தீராவிட்டால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு.

புது அதிகாரிகள் தடுக்கி விழுகிற இடம் இரண்டு. ஒன்று, இடைநீக்கம். 90 நாளுக்குள் மறு ஆய்வு செய்து நீட்டிக்காவிட்டால் அந்த உத்தரவு தானாகவே செத்துவிடும். தொண்ணூற்றோராம் நாள் காலை, லட்சக்கணக்கில் கையாடியவர் "என்னை வேலையில் சேருங்கள்" என்று வந்து நிற்பார், சட்டம் அவர் பக்கம். கிளார்க் நினைவூட்டுவார் என்று இருக்காமல், உத்தரவு போட்ட அன்றே 75-ஆம் நாளை நாள்காட்டியில் வட்டமிடுங்கள்.

இன்னொன்று, "சப்சிடியரி அஃபென்டர்" விவகாரம். பணத்தை எடுத்தவர் ஓடிவிட்டால் அல்லது கையில் ஒன்றும் இல்லையென்றால், அந்த இழப்பைக் கூட இருந்தவர்களின் கவனக்குறைவுக்காக ரூல் 16-ன் கீழ் சம்பளத்தில் பிடிப்பது துறையின் நெடுநாள் வழக்கம். அவர் ஒரு சீட்டைச் சரிபார்க்காமல் விட்டதற்கும் இந்த இழப்புக்கும் நேரடித் தொடர்பு என்ன, அவர் பங்கு எவ்வளவு ரூபாய் என்று மெமோவில் எழுத முடியாவிட்டால் தீர்ப்பாயத்தில் நிற்காது. என் கருத்து: மேலிடம் அழுத்தினாலும், பன்னிரண்டு பேர் தலையில் சமமாகப் பிரித்துக் கட்டுகிற மெமோக்களில் கையெழுத்துப் போடாமல் இருப்பது நியாயம் மட்டுமில்லை, வேலை மிச்சமும்கூட.

கோட்டத்தில் அடுத்த பாரம் இலக்கு. சேமிப்புக் கணக்கு, செல்வமகள், 1884-இல் தொடங்கிய பி.எல்.ஐ. காப்பீடு, 1995-இல் வந்த கிராமிய ஆர்.பி.எல்.ஐ., 2018 செப்டம்பர் 1-இல் தொடங்கிய ஐ.பி.பி.பி. எனப்படும் அஞ்சல்துறைப் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் எண். வீடியோ கூட்டத்தில் கடைசி இடத்தில் உள்ள கோட்டத்தின் பெயரை முதலில் வாசிப்பார்கள். அழுத்தம் அப்படியே கீழே இறங்கி பி.பி.எம். தலையில் விழும். அவர் என்ன செய்வார்? மேளா நாளில் நூறு ரூபாய் ஆர்.டி.யை ஊர்க்காரர் பெயரில் தன் கைக்காசில் திறப்பார். நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுபோகும். ஆர்.பி.எல்.ஐ. பாலிசியும் மூன்றாண்டு முடியுமுன் ஆறு மாதம் கட்டாவிட்டால் காலாவதி. மார்ச் மாத எண் பிரமாதமாக இருக்கும், செப்டம்பரில் அவற்றில் எத்தனை உயிரோடு என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். திறந்த கணக்கைவிட ஆறாம் மாதத்தில் தவணை கட்டிய கணக்கை எண்ணுகிற கண்காணிப்பாளரிடம் பொய்க் கணக்கு வருவது குறையும். கைக்காசு போட்ட பி.பி.எம்.தான் பிற்பாடு பாட்டியின் ஆர்.டி.யில் கைவைக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

தபால் பட்டுவாடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். செயலியில் போஸ்ட்மேன் பதிவது உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது. "வீடு பூட்டியிருந்தது" என்ற பதிவு ஒரே பீட்டில் மாலை ஐந்து மணிக்குக் கொத்தாக விழுந்தால், அவர் அந்தத் தெருவுக்கே போகவில்லை. ஆளில்லாமல் இரண்டு பீட்டை ஒருவரே பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் அதற்கு விளக்கம் கேட்க வேண்டும்.

மேலே போனவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கு எல்லோர் வீட்டிலும் இருக்கிற உதாரணம் பின்கோடு. தபால் தந்தி வாரியத்தில் மூத்த பொறுப்பில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வடிவமைத்தது, 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. மனிதர் சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. அன்றைய பிரச்சினை எளிமையானது: ஒரே பெயரில் ஊர்கள், ஆளுக்கொரு மொழியில் முகவரி, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். நம் பக்கத்தில் எத்தனை புதுப்பட்டி, எத்தனை புதூர் என்று எண்ணிப் பார்த்தால் புரியும். முதல் இலக்கம் மண்டலம், முதல் இரண்டு சேர்ந்து வட்டத்தைக் காட்டும், மூன்றாவது பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்று பட்டுவாடா அஞ்சலகம். பிரிப்பவருக்கு மொழி தெரிய வேண்டியதில்லை, எண் போதும். ஊர்ப்பெயர் படிக்கத் தெரியாத ஊழியர் கையில் கடிதம் என்ன ஆகும் என்று யோசித்தவரால்தான் இப்படி ஒன்றைச் செய்ய முடியும்.

இன்றைய மேல்நிலை வேலைகளும் அந்த மாதிரிதான், ஒரு முடிவு ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அஞ்சலகங்களைத் தொடும். 1898-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2023-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ளது, கட்டணமும் சேவை விதிகளும் வகுக்க டைரக்டர் ஜெனரலுக்கு அதில் விரிந்த அதிகாரம். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்தார்கள். அதே ஆண்டு எல்லா அலுவலகங்களும் புதிய மென்பொருளுக்கு மாறின. முடிவு டெல்லியில், கவுண்டரில் பொதுமக்களிடம் திட்டு வாங்கியவர் போஸ்ட்மாஸ்டர், இரண்டுக்கும் நடுவில் நின்றவர் எஸ்.எஸ்.பி.

வெளியே போகவும் வழி உண்டு. ராணுவ அஞ்சல் பணிக்கு அயல்பணியில் போனால் ராணுவப் பதவியும் சீருடையும் கிடைக்கும், பயிற்சி நாக்பூரை அடுத்த காம்ப்டியில். மற்ற அமைச்சகங்கள், ஐ.பி.பி.பி. என்றும் போகலாம். பாங்காக்கில் உள்ள ஆசிய பசிபிக் அஞ்சல் ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பை 2023 ஜனவரியில் ஏற்றவர், வாரியத்தில் ஊழியர் பிரிவு உறுப்பினராக இருந்த இந்திய அஞ்சல் பணி அதிகாரி வினய பிரகாஷ் சிங்.

கீழே இருந்து வருவதைப் பற்றி. முடியும், ஆனால் ஒவ்வொரு படியும் தேர்வு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் ஜி.டி.எஸ். ஆக நுழைந்தவர் துறைத் தேர்வு எழுதிப் போஸ்ட்மேன் ஆகலாம், அங்கிருந்து அஞ்சல் உதவியாளர் (லெவல் 4, 25,500). அதன்பின் ஐ.பி. எனப்படும் இன்ஸ்பெக்டருக்கான துறைத் தேர்வு, இதுதான் குறுகலான வாசல். பட்டதாரிகள் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். மூலம் நேரடியாகவே ஐ.பி. ஆகலாம், லெவல் 7. பிறகு ஏ.எஸ்.பி. எனப்படும் உதவிக் கண்காணிப்பாளர், குரூப் பி கண்காணிப்பாளர், அதற்கும் மேல் குரூப் ஏ. உதவியாளராகச் சேர்ந்தவர் முப்பது வயதுக்குள் ஐ.பி. தேர்வைத் தாண்டிவிட்டால் கண்காணிப்பாளர் நாற்காலி கணக்கில் வரும். நாற்பதில் தாண்டினால் ஏ.எஸ்.பி.யோடு ஓய்வு பெறவே வாய்ப்பு அதிகம். தேர்வில் விழுகிறவர்கள் பெரும்பாலும் விதி எண் தெரியாமல் விழுவதில்லை, ஒரு சம்பவத்தைக் கொடுத்துக் குற்றச்சாட்டு மெமோ வரையச் சொன்னால் எழுதத் தெரியாமல் விழுகிறார்கள். கோட்ட அலுவலகத்தின் புகார், விசாரணைப் பிரிவுகளில் ஒரு வருஷம் உட்கார்ந்தவருக்கு அது கைவரும்.

திரும்பத் தேர்வு எழுதலாமா என்றும் யோசிப்பீர்கள். எழுதுங்கள், தவறில்லை. எந்தப் பணியில் சேர்ந்தவர் எத்தனை முறை எழுதலாம், பயிற்சியிலிருந்து விலக்கு எப்படி என்பதை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் வரிக்கு வரி படித்துவிட்டு முடிவெடுங்கள். ஆனால் பயிற்சிக் காலம் முழுவதும் புத்தகத்தில் முகம் புதைத்து, மறுபடியும் இதே பணியோடு நின்றவர்களுக்குத்தான் முதல் கோட்டம் கசக்கிறது. அவர்கள் ரொக்கம் எண்ணிப் பழகவில்லை. தலைமை எழுத்தர் நீட்டுகிற கோப்பில் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

முதல் கோட்டத்தில் பொறுப்பேற்கிற நாளன்று மாலை அணிவித்துப் படம் எடுப்பார்கள். சார்ஜ் ரிப்போர்ட் மேசையில் இருக்கும். கையெழுத்துப் போட்ட கையோடு ஐந்து பட்டியல் எழுத்தில் கேளுங்கள்: இடைநீக்கத்தில் உள்ளவர்கள் (ஒவ்வொருவருக்கும் மறு ஆய்வுத் தேதியோடு), நிலுவையில் உள்ள ரூல் 14 வழக்குகள், தீர்ப்பாயத்திலும் நீதிமன்றத்திலும் பதில் மனு தாக்கல் செய்ய வேண்டிய நாட்கள், ஆறு மாதத்துக்கு மேல் பி.பி.எம். இல்லாமல் பக்கத்து ஊர்க்காரர் பார்த்துக்கொள்கிற கிளை அஞ்சலகங்கள். ஐந்தாவது, கடந்த ஆண்டு ஆய்வே நடக்காத அலுவலகங்கள். நான்கு பட்டியல் அன்று மாலையே வந்துவிடும். ஐந்தாவது வரத் தாமதமானால், முதல் ஆய்வுப் பயணத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.